மாமா சொல்ல நான் எழுதிய கதை

பிள்ளைகள், எங்கள் வீட்டு நாய்க்கு ஏன் கண்டக்டர் என்று பெயர் என்று போன கிழமை இரண்டு பேரும் கேட்டீர்கள். பக்கத்து வீட்டு நாய் ஜிம்மி, கடைக்கார அண்ணையின் நாய் டைகர், எங்களுடையது மட்டும் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று மூத்தவள் முறைப்பாடு வைத்தாள். இதற்கு முன் இருந்த கறுப்பு நாய்க்கும் அதே பெயர்தான் என்று உங்கள் அம்மா சொன்னதும் உங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. நான் நெல் மூட்டை ஏற்றும் அவசரத்தில் பிறகு சொல்கிறேன் என்று போய்விட்டேன். அவசரம் உண்மைதான். ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடுவேன் என்ற பயமும் இருந்தது. அதனால் எழுதி வைக்கிறேன். வாசிக்கத் தெரிகிற வயதில் வாசியுங்கள்.

உங்கள் அப்பா பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இடம்பெயர்வில் பாதி வகுப்பும் முகாமில் மீதி வகுப்புமாகப் போனது. என்றாலும் ஒரு வசனத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது பள்ளிக்கூடத்தில் பழகியது அல்ல. நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிற என் மாமாவிடம் பழகியது.

நீங்கள் பார்க்கிற தாத்தா, இடது கைப் பெருவிரலால் போனில் தட்டித் தட்டிக் கதை எழுதுகிறவர். பஸ்ஸில் மற்றவன் இவரை இடித்தாலும் இவரே மன்னிப்புக் கேட்பார். இந்த மனிதருக்குக் கீழே ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே சில நேரம் நம்புவதில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நின்று சண்டை பிடித்தவர்களை இயக்கம் என்று சொல்வோம். மாமா இயக்கத்தில் பொறுப்பாளராக இருந்தவர். அவர் ஜீப்பில் வந்து இறங்கினால் ஊரே ஒழுங்காக நிற்கும் என்று என் அம்மா, உங்கள் அப்பம்மா, சொல்லுவா. அம்மா அவருடைய தங்கச்சி என்பதால் அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும்.

சண்டை முடிந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து விட்ட பிறகு மாமா தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடு என்று சொன்னாலும் அது தகரம் போட்ட கொட்டில். சுவருக்குப் பதிலாக நிறுவனம் ஒன்று தந்த நீலத் தறப்பாள். மாமாவுக்கு வலது கை இருந்தது, ஆனால் விரல்கள் மடியாது. உள்ளே இரும்புத் துண்டு இருக்கிறது என்றும் அதை எடுத்தால் கையே போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டார்கள். மண்வெட்டி பிடிக்க ஏலாது. முந்தி வாசலில் காத்து நின்ற ஆட்கள் இப்போது எங்கள் படலையைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதித்தார்கள். அவர்களையும் குறை சொல்லக் கூடாது. மோட்டார் சைக்கிளில் விசாரிக்க வருகிறவர்கள் யார் யார் வந்து போனது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மாமா கதைப்பதே இல்லை. காலையில் கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருப்பார். வெயில் வந்தால் கதிரையை நகர்த்துவார். அவர் வெயிலுக்குக் கதிரை நகர்த்துவதைப் பார்த்தே நேரம் சொல்லலாம் என்று அப்பா பகிடி விடுவார். அம்மா குசினிக்குள் இருந்து முறைப்பா.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா கதிரையில் இருந்தபடியே, மருமோன், உன்ரை கையெழுத்து வடிவோ என்று கேட்டார். நான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன். அவ்வளவு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வடிவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் கொப்பியை எடுத்துக்கொண்டு வா என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் மாமா சொல்ல நான் எழுதினேன். அது கதை என்றே முதலில் எனக்குத் தெரியாது. மாமா கதை சொல்லும் விதம் அப்படி. ஒரு வசனம் சொல்லுவார். முற்றுப்புள்ளி என்பார். பிறகு, திருப்பி வாசி என்பார். வோக்கி டோக்கியில் தகவல் கொடுத்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்ததென்று நம்பலாமாம். நான் திருப்பி வாசிப்பேன். ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவார். ஒரு இடத்தில் நாய் என்று வந்ததை நான் அழகான நாய் என்று எழுதிவிட்டேன். தமிழ் ரீச்சர் அப்படித்தான் எழுதச் சொல்லித் தந்திருந்தா. மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்து, நீ அந்த நாயைக் கண்டனியோ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப வெட்டு என்றார்.

கதையில் வருகிற பையனுக்கு அப்போது மனதில் என்ன இருந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அது தகவலில் வராது என்றார்.

இந்த வேலையில் அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோஷம். அண்ணை வாய் திறந்துவிட்டார் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. அப்பா மட்டும், மச்சான் முந்தி ஊருக்கே கட்டளை போட்டார், இப்போது என் மகனுக்கு மட்டும் போடுகிறார் என்று சொல்லிச் சிரித்தார். மாமாவும் லேசாகச் சிரித்தார். அப்பாவின் பகிடிக்கு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

கதை ஒரு பொடியனைப் பற்றியது. மாமா அவனைப் பொடியன் என்றே சொன்னார், பெயர் வைக்கவில்லை. மாமாவின் பகுதியில் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்தவன். காவலரண்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் காவிக்கொண்டு போவது அவனுடைய வேலை. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வழியில் எந்த நாயைக் கண்டாலும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவான். வெள்ளை நாய், சொறி நாய், கால் நொண்டி நாய் எல்லாமே அவனுக்குக் கண்டக்டர்தான். சனம் விட்டுவிட்டுப் போன நாய்கள் அந்த நாட்களில் எங்கும் அலைந்துகொண்டிருந்தன. அவன் சாப்பாட்டு வாளியோடு நடந்தால் பின்னால் ஒரு வரிசை நாய் நடக்கும். தன் பகுதியில் ஆட்களைவிட நாய்கள்தான் ஒழுங்காக வரிசையில் நின்றன என்று மாமா ஒரு வசனம் சொன்னார். அதை எழுதும்போது நான் சிரித்துவிட்டேன். மாமா முற்றுப்புள்ளி சொல்ல மறந்துபோனார்.

முடிவு வந்தபோது கதை நின்றது. சில நாட்கள் மாமா என்னைக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கூப்பிட்டு, எழுது என்றார். தண்ணீர் கொண்டு போகச் சொல்லி நான் பொடியனை அனுப்பினேன். முற்றுப்புள்ளி. அவன் திரும்பி வரவில்லை. முற்றுப்புள்ளி. திருப்பி வாசி.

நான் வாசிக்கவில்லை. எழுதவும் இல்லை. பேனையைக் கொப்பிக்கு மேல் வைத்துவிட்டேன். எழுது என்றார். மாட்டன் என்றேன். ஊரே பயந்த மனிதருக்கு நான் அப்படிச் சொன்னதை அம்மா கேட்டிருந்தால் முதுகில் போட்டிருப்பா. மாமா கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, சரி, நீ சொல்லு என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. பல நாளாக யோசித்து வைத்திருந்தவன் மாதிரிச் சொன்னேன். பொடியன் சனத்தோடு சனமாக வெளியே வந்துவிட்டான். இப்போது கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடைக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருக்கிறது. மாமா அதைத் தன்னுடைய சின்னச் சின்ன வசனங்களாக மாற்றிச் சொன்னார். நான் எழுதினேன். திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை.

கதை யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வந்தது. மாமா தன் பெயரைப் போடவில்லை. தர்மபுரத்தான் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அம்மா அந்தப் பக்கத்தை வெட்டிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தா. அதோடு நான் அதை மறந்தேன்.

பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் இல்லாத நாள், காலைச் சாப்பாடு முடிந்த நேரம், படலையில் ஒரு அம்மா வந்து நின்றா. மெலிந்த ஆள். வெள்ளைச் சேலை இல்லை, ஆனால் நெற்றியில் பொட்டும் இல்லை. கையில் ஒரு சொப்பிங் பை. கதை எழுதுகிற ஐயா வீடு இதுவா என்று கேட்டா. பேச்சில் மலையகத்துச் சாயல் இருந்தது. விசுவமடுவில் இருந்து வந்திருக்கிறாவாம். சின்னப் பிள்ளையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறின குடும்பமாம். இதெல்லாம் என் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கும்போது அவவே சொன்னது. குடிக்கும்போதும் கண் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தர்மபுரத்தான் என்ற பெயரைச் சொல்லி எங்கள் ஊர்க் கடைகளில் விசாரித்தபோது, இயக்கத்தில் இருந்த, கை ஏலாத ஒருவர் இருக்கிறார், அவராகத்தான் இருக்கும் என்று யாரோ காட்டிவிட்டிருக்கிறார்கள்.

பைக்குள் இருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்தா. கடையில் சீனி சுற்றிக் கொடுத்த பேப்பர். மூலையில் ஈரம் பட்டுக் கிழிந்திருந்தது. எங்கள் கதை.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க தம்பி. மக வாசிச்சா. கண்டக்டர்னு வந்ததும் நிறுத்துடின்னேன். மறுபடி வாசின்னேன். அது எங்க ராசுங்க. எங்க வீட்டு நாய் பேரு கண்டக்டர்.”

அவவின் வீட்டுக்காரர் வைத்த பெயராம் அது. அந்த நாய் காலையில் ரோட்டுக்குப் போய் பஸ் நிற்கிற இடத்தில் நிற்குமாம். ஆட்கள் ஏறி முடிந்ததும் குரைக்குமாம். அது குரைத்தால்தான் ட்ரைவர் பஸ்ஸை எடுப்பார் என்று ஊரில் பகிடியாம். அதைச் சொல்லும்போது அவவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நாயை விட்டுவிட்டு இடம்பெயர வேண்டி வந்தபோது மகன் அழுதானாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“அவனா வந்து சேரலைங்க. உங்க ஆளுங்க வந்துதான் கூட்டிட்டுப் போனாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரிச் சொன்னா. மாமா, தெரியும் அம்மா என்றார்.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னா. இவ்வளவு காலமாக மகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. போகாத அலுவலகம் இல்லை, காட்டாத படம் இல்லை. கடைசியில் மகளும் மருமகனும் சேர்ந்து, இனிப் பார்த்துப் பயனில்லை, ஆத்துமா அலையக் கூடாது, கருமாதியைச் செய்துவிடுவோம் என்று ஒழுங்கு பண்ணியிருக்கிறார்கள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். சாமான் வாங்கப் போன இடத்தில்தான் அந்தச் சீனி சுற்றிய பேப்பர் வந்திருக்கிறது. அவ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டா. மருமகன் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். மறுநாளே பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போயிருக்கிறா. பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற சைக்கிள் கடை எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறா. ஒரு கடைக்கு முன்னால் நாய் படுத்திருந்ததாம். அங்கே உள்ளே போய், இருந்த பையனின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாவாம். அந்தப் பையன் பயந்துபோய்க் கதிரையைக் கொடுத்து இருக்கச் சொன்னானாம்.

“எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. நான் போய் அவனைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு வந்துடுறேன்.”

நீங்கள் இதை வாசிக்கும்போது, ஒரு கதையைப் போய் யாராவது உண்மை என்று நம்புவார்களா என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் பேப்பரை யாரும் செய்தி வேறு கதை வேறு என்று பிரித்து வாசிக்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு பெயரைத் தேடித்தான் வாசித்தார்கள். கல்யாண விளம்பரத்தில் தேடினார்கள், விபத்துச் செய்தியில் தேடினார்கள். கதையிலும் தேடினார்கள். நாங்கள் மட்டும்தான், பேப்பரில் போட அனுப்பிய நாங்கள் மட்டும்தான், அதை யோசிக்கவில்லை.

மாமா எழும்பிக் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அம்மா மெல்லிய குரலில், ஆனால் ஒரே மூச்சில் சொன்னா.

“அண்ணை, உண்மையைச் சொல்லிப்போடாதையுங்கோ. கடையை வித்துப்போட்டு வெளிநாடு போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. மனிசி அந்த நினைப்பிலையே இருந்திட்டுப் போகட்டும்.”

அப்பா விறகு கொத்திக்கொண்டிருந்தவர் கோடாரியோடு வாசலுக்கு வந்தார். பிறகு அவ வெளிநாடு போய்த் தேடுவா, அப்போது என்ன சொல்லுவாய் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா மாமாவைப் பார்த்து அழுதா. மாமா தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எந்தப் பக்கம் முடிவெடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னபடி சொல்ல வேண்டும் என்று நான் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன். ஏனென்றால் அந்த சைக்கிள் கடை என்னுடையது.

மாமா வெளியே வந்தார். கதிரையில் இருக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முன்னால் நிலத்தில், சப்பாணி கட்டி இருந்தார். ஏலாத கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் யாருக்கு முன்னாலும் நிலத்தில் இருந்து நான் கண்டதில்லை. பிறகு எனக்குச் சொல்வது மாதிரியே, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். கடை இல்லை அம்மா. அது நாங்கள் எழுதினது. உங்கடை மகன் என்னோடை நிண்டவன். தண்ணி கொண்டுபோகச் சொல்லி நான்தான் அனுப்பினனான். செல் குண்டு விழுந்தது. நான் போய்த் தூக்கினனான். உயிர் இல்லை. அங்கயே தாட்டனாங்கள். இப்ப அந்த இடத்தைக் காட்ட எனக்குத் தெரியாது.

முற்றுப்புள்ளி மட்டும் சொல்லவில்லை.

அந்த அம்மா அழுவா என்று நான் நினைத்தேன். என் அம்மா குசினிக்குள் அழுகிற சத்தம்தான் கேட்டது. அவ மடியில் இருந்த பேப்பரைத் தடவித் தடவி மடித்தா. பிறகு மாமாவைப் பார்த்து, அப்ப ஏன் தம்பி உயிரோட இருக்கான்னு எழுதினீங்க என்று கேட்டா.

மாமா வாய் திறக்க முதல் நான் சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன் என்றேன். அவ என்னைக் கிட்டக் கூப்பிட்டா. அடிப்பாவோ என்று நினைத்தபடி போனேன். ஏன் சாமி என்று கேட்டா.

“அவன் செத்தா, நாயளைக் கண்டக்டர் எண்டு ஆர் கூப்பிடுறது?”

என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை. அவ என் தலையில் கையை வைத்தா. இந்தக் கொஞ்ச நாளும் தன் வீட்டில் எல்லோரும் அவனைப் பற்றிக் கடைக்காரன் என்று கதைத்தார்கள் என்று சொன்னா. என்ன சாப்பிடுவான், யார் சமைத்துக் கொடுப்பார்கள் என்று தானும் மகளும் சண்டைகூடப் போட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவவின் குரல் உடைந்தது. அம்மா ஓடி வந்து அவவைக் கட்டிப் பிடித்துக்கொண்டா. இரண்டு பேரும் அழுது முடியும்வரை மாமா நிலத்திலேயே இருந்தார்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து பையை எடுத்த பிறகு, போகிற நேரத்தில், அவ மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டா.

“அன்னிக்கு நிலா இருந்துச்சா தம்பி?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதையில் நிலவு வராததை அவ குறையாகச் சொல்கிறா என்று நினைத்தேன். எங்கள் தமிழ் ரீச்சரும் அப்படித்தான், கட்டுரையில் இயற்கை வர்ணனை இல்லை என்று புள்ளி குறைப்பா. ஆனால் மாமா திடீரென்று நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் நிலத்தைப் பார்த்துக் கதைத்தவர் அவவின் முகத்தைப் பார்த்தார்.

“இருந்தது அம்மா. மாசி மாதம். முதல் நாள்தான் பறுவம். பொழுதுபட்டுக் கொஞ்சம் செல்லத்தான் நிலவு எழும்பினது. அது எழும்பி வெளிச்சம் வர முதல் அனுப்பியிருக்க வேணும். நான் சொல்லப் பிந்திப்போச்சு.”

நல்லாத் தெரியுமா என்று அவ கேட்டா. நிலவு எப்போது எழும்பும், எப்போது விழும் என்று பார்க்காமல் நாங்கள் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை அம்மா என்றார் மாமா. அவ விரலை மடித்து ஏதோ எண்ணினா. பௌர்ணமி கழிஞ்சு மறுநாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. பிறகு மாமாவைப் பார்த்தா.

“அமாவாசை எல்லாருக்கும் உள்ளதுங்க. எம்புள்ளைக்கு அவன் நாள் வேணும்.”

மாமா அவவைப் பஸ்ஸில் ஏற்றிவிட ரோட்டுவரைக்கும் கூடப் போனார். பட்டப்பகலில், ஆட்கள் பார்க்க, அவர் ரோட்டுக்குப் போனது அந்த வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முகாமில் இருந்து விட்டவர்கள் பொலிசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய நாட்களில்கூட ஆட்கள் இல்லாத ஒழுங்கை வழியாகத்தான் போவார்.

என் அப்பா, உங்கள் அப்பப்பா, செத்தபோது ஐயர் பஞ்சாங்கத்தை விரித்துவைத்துக்கொண்டு என்னிடம் முதல் கேட்டது திதியைத்தான். உயிர் எப்போது பிரிந்தது, அது வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி. திவசம் செய்கிறதற்கு ஆங்கில நாள் உதவாது, நிலவின் நாள் வேண்டும் என்று அவர் சொன்னபோது என் கையில் இருந்த தர்ப்பை நழுவியது. பக்கத்தில் நின்ற மாமா அதை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு மாசியிலும் பறுவத்துக்கு அடுத்த நாள் மாமா எங்கே போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்களும் கண்டிருப்பீர்கள், வேட்டி கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் விசுவமடுவுக்குப் போவார். அங்கே அவருக்கும் ஒரு இலை போடுகிறார்கள்.

மாமா பிறகு நிறையக் கதை எழுதினார். அவரோடு நின்றவர்களைப் பற்றியவைதான் எல்லாம். ஒரு கதையிலும் செத்தவர்கள் உயிரோடு வருவதில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் யாராவது சாகிற இடத்தில், மாதமும் நிலவும் ஒரு வசனம் வரும். ஐப்பசி, நிலவு நடுவானில் பாதியாக நின்றது. பங்குனி, விடியப் போகிற நேரத்தில்தான் மெல்லிய பிறை எழும்பியது. கிளிநொச்சியில் அவருடைய புத்தக வெளியீட்டுக்கு உங்களையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், உங்களுக்கு நினைவிருக்காது. பேச வந்த ஒரு பெரிய மனிதர், போர்க்களத்திலும் நிலவை ரசித்த கலைமனம் என்று மாமாவைப் புகழ்ந்தார். சனம் கைதட்டியது. மாமா கழுத்தைச் சொறிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். மண்டபத்தின் பின்பக்கம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இருந்த இரண்டு மூன்று அம்மாமார் கைதட்டவில்லை. அவர்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு யாரிடமும் கதைக்காமல் போனார்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் உயிரோடு கொண்டுவந்தவன் இனி இல்லை. ஒரு தாய் நிலவைப் பற்றி ஏன் கேட்டா, அதைக் கேட்டதும் மாமாவின் முகம் ஏன் வெளித்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் மாமா கதிரையில் போய் இருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அம்மா அடுப்பு மூட்டினா. நான் மத்தியானம் மிஞ்சின சோற்றில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் ரோட்டுக்குப் போனேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு நாய் எப்போதும் படுத்திருக்கும். காது கிழிந்த, யாருடையதும் இல்லாத நாய். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை.

கண்டக்டர் என்று கூப்பிட்டேன். அது அசையவில்லை. இன்னும் ஒரு தரம், கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். அது கிழிந்த காதைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு எழும்பி, உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.